பணத்துக்கு முன்னால் பட்டா: ஊரில் வீடு கட்ட சொசைட்டியும் குழுவும் எவ்வளவு தூரம் கூட வரும்?

சித்தி ஒரு மஞ்சள் பையோடு கூட்டுறவு வங்கிக் கிளைக்குப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். சிவகங்கைப் பக்கம் சின்ன ஊர். பைக்குள் தாத்தா பெயரில் ஒரு நத்தம் பட்டா, ரப்பர் பேண்டு போட்ட பழைய வீட்டு வரி ரசீதுகள், ஆதார், ரேஷன் கார்டு, சித்தப்பாவின் இறப்புச் சான்று, மகளிர் குழு பாஸ்புக். மழைக்கு ஒழுகும் ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு ரெண்டு ரூம் தளம் போட்ட வீடு கட்ட நாலு லட்சம் வேண்டும். மேலாளர் பொறுமையாக எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கடன் கொடுக்க எனக்குத் தயக்கமே இல்லம்மா, இந்த இடம் உங்களுதுன்னு எந்தக் காகிதத்துல இருக்கு?" என்றார். "எங்க ஊர்ல யாரை வேணா கேளுங்க சார், மாமனார் காலத்துல இருந்து நாங்கதான அங்க இருக்கோம்" என்றார் சித்தி. அவரும் தலையாட்டினார். "ஊர் சொல்லும்மா, வக்கீல் சொல்லணுமே."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தி ஒன்றும் பேசவில்லை. எனக்கு அந்தப் பதில்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கிராமத்தில் வீட்டுக் கடன் தேடுகிற எல்லோரும் வந்து முட்டுகிற இடம் அதுதான். ஊர்க்காரர்களே உறுப்பினர்களாக இருக்கும் சொசைட்டியும், தெருப் பெண்கள் சேர்ந்து நடத்தும் குழுவும், ஆளைத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகப் பணம் தருவதற்கென்றே உருவானவை. ஐம்பதாயிரம், ஒரு லட்சம் வரைக்கும் அந்த அறிமுகம் போதும். அதற்கு மேலே போய், பத்து வருஷம் பதினைந்து வருஷம் என்று காலமும் நீண்டால் காகிதம்தான் பேசும். எந்தத் தொகை வரைக்கும் அறிமுகம் செல்லும், எங்கிருந்து காகிதம் தொடங்கும் என்று முன்னாடியே தெரிந்தவர்கள் கந்துவட்டிக்காரர் வாசலுக்குப் போக வேண்டிய கட்டாயம் குறைகிறது.

அறிமுகத்தை நம்பிக் கடன் கொடுக்கிற இந்த முறைக்கு நம் மண்ணில் நூறு வருஷத்துக்கு மேல் வயது. சென்னை மாகாண விவசாயிகள் லேவாதேவிக்காரர்களிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த காலத்தில், ஐரோப்பாவில் விவசாய வங்கிகள் எப்படி நடக்கின்றன என்று ஆராய பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை அரசு நியமித்தது. 1890களின் நடுவில் வெளிவந்த அவருடைய அறிக்கை ஜெர்மனியின் ரைபைசனைக் கைகாட்டியது. ரைபைசன் அங்கே கிராமப்புறத்தில் மேயராக இருந்தவர். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து சங்கம் வைத்து, ஒருத்தர் கட்டாவிட்டால் எல்லோரும் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டால், சொத்தே இல்லாதவருக்கும் நியாயமான வட்டியில் கடன் கிடைக்கும் என்று நடத்திக் காட்டியவர். யார் குடிக்கிறார், யார் உழைக்கிறார், யார் வீட்டில் மாடு கன்று போட்டிருக்கிறது என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும், அந்தத் தகவல்தான் அடமானம். 1904இல் கூட்டுறவு கடன் சங்கச் சட்டம் வந்தது, அதே ஆண்டில் திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் தொடங்கியது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் 4,400க்கு மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. நாம் சொசைட்டி என்று சொல்வது இதைத்தான்.

இவ்வளவு இருந்தும் சொசைட்டிக்குப் போய் "வீடு கட்டக் கடன் வேணும்" என்றால் செக்ரட்டரி கையை விரிப்பார். அதில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சொசைட்டி புரட்டுகிற பணம் குறுகிய காலப் பணம். உறுப்பினர் போட்ட டெபாசிட் ஒரு வருஷம் ரெண்டு வருஷத்தில் திரும்பக் கேட்கப்படும், மேலே இருந்து வரும் பயிர்க்கடன் பணம் அறுவடை முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும். இந்தப் பணத்தை எடுத்துப் பதினைந்து வருஷக் கடனாகக் கொடுத்தால், நடுவில் டெபாசிட்காரர் வந்து நிற்கும்போது பெட்டியில் பணம் இருக்காது. அதனால்தான் அங்கே பயிர்க்கடன், நகைக்கடன், குழுக்கடன் என்று சீக்கிரம் திரும்புகிற கடன்களே பிரதானம். நீண்ட காலக் கடனுக்கென்று இருந்தவை வேறு. நிலவள வங்கி என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது ஒன்று. தாலுகா அளவிலான கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் இன்னொன்று, அந்த வீட்டுவசதிச் சங்கங்களுக்கெல்லாம் மேலே 1959 முதல் மாநில அளவிலான கூட்டமைப்பும் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊர்ப்பக்கம் எத்தனையோ காரை வீடுகள் இந்தச் சங்கக் கடனில்தான் எழும்பின. அப்புறம் நிலுவை சேர்ந்து, வட்டி மேல் வட்டி ஏறி, தள்ளுபடி வரும் என்று காத்திருந்து காத்திருந்தே பலர் கட்டாமல் விட, நிறையச் சங்கங்கள் முடங்கிப்போயின. பழைய பாக்கியை வசூலிப்பதும் அடமானப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதுமே இப்போது பல சங்கங்களின் வேலை.

சரி, வீட்டுக் கடனுக்கு எங்கே போவது? சொசைட்டிக்கு ஒரு படி மேலே இருக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக் கிளைக்கு. தனிநபர் வீட்டுக் கடனுக்கு இந்த வங்கிகளின் உச்சவரம்பை 2022 ஜூனில் ரிசர்வ் வங்கி நன்றாகவே உயர்த்தியது. நிகர மதிப்பு 100 கோடிக்குக் குறைவான வங்கி முன்பு 20 லட்சம்தான் தரலாம், இப்போது 50 லட்சம் வரை தரலாம். பெரிய வங்கிகளுக்கு 30 லட்சத்திலிருந்து 75 லட்சம். கிராமத்து வீட்டுக்கு இது தாராளம். அதே போல, விருதுநகரில் இருந்த பாண்டியன் கிராம வங்கியையும் சேலத்தில் இருந்த பல்லவன் கிராம வங்கியையும் இணைத்து 2019 ஏப்ரலில் உருவான தமிழ்நாடு கிராம வங்கியும் உண்டு. தூரத்து டவுனில் இருக்கும் பெரிய வங்கி சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு என்று கேட்கும் இடத்தில், இவர்கள் ஆடு மாடு, நெல் போட்ட ரசீது, பால் சொசைட்டிப் பணம் என்று வருமானத்தைப் புரிந்துகொள்ளப் பழகியவர்கள். அந்த மேலாளர் சித்தியிடம் வருமானத்தைப் பற்றி ரெண்டே கேள்விதான் கேட்டார். மாட்டிக்கொண்டது பட்டாவில்.

பட்டாவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். கிராமத்தில் குடியிருப்புகள் பெரும்பாலும் நத்தத்தில் இருக்கும். தலைமுறையாகக் குடியிருந்து வந்த இடம், அதற்குக் கிரயப் பத்திரமே இருக்காது, நத்தம் நிலவரித் திட்டத்தில் கொடுத்த பட்டா மட்டும்தான். அதுவும் தாத்தா பெயரில் கொடுத்தது அப்படியே நிற்கும். தாத்தாவுக்கு எங்கள் வீட்டில் நாலு வாரிசு: அப்பா, சித்தப்பா, ரெண்டு அத்தை. வங்கியின் வக்கீல் பார்வையில் அந்த மூணு சென்ட் இடம் நாலு பங்கு. சித்தி அங்கே நாற்பது வருஷம் குடியிருந்தது அவருக்குக் கணக்கே இல்லை. ஆகவே தாத்தாவுக்கு வாரிசுச் சான்று, சித்தப்பாவுக்கு வாரிசுச் சான்று, மற்ற மூன்று பேரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துச் சித்தி பெயருக்கு எழுதித் தரும் விடுதலைப் பத்திரம், அதைப் பதிவு செய்து பட்டா மாறுதல், பிறகு வில்லங்கச் சான்று. திருப்பூர் அத்தை ரெண்டு தடவை லீவு போட்டு வந்து கையெழுத்துப் போட்டார். "அவ புள்ளைங்க நனையாம இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸுக்கே திரும்பிப் போய்விட்டார். எல்லாம் முடிய ஏழு மாதம் ஆனது. எல்லாக் குடும்பத்திலும் இவ்வளவு சுமுகமாக நடக்காது. அதனால்தான் சொல்கிறேன், வீடு கட்டலாம் என்ற நினைப்பு வந்த அன்றைக்கே பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இணையத்தில் பார்த்துவிடுங்கள். கடன் விண்ணப்பம் அதற்கு அப்புறம்.

நத்தம் என்றில்லாமல் தோட்டத்திலேயே வீடு கட்டுகிறவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. கடன் நின்றுபோனால் வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம் 2002 விவசாய நிலத்துக்குச் செல்லாது. விவசாயியின் நிலம் பறிபோகக் கூடாது என்று வைத்த பாதுகாப்பு, அதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே காரணத்தால் வயல் சர்வே நம்பரில் நிற்கும் வீட்டை அடமானமாக எடுக்க வங்கிகள் தயங்குகின்றன. அரசு கொடுத்த இலவச மனைப் பட்டாவிலும் விற்பனைக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அதே தயக்கம் உண்டு. ரோட்டோரம் கல் நட்டு விற்ற மனையை வாங்கியிருந்தால் அது அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளைத்தான் வரன்முறைப்படுத்த வழி வைத்தார்கள். வரைபட அனுமதி விஷயத்தில் மட்டும் நிலைமை முன்னைவிடச் சுலபம். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஏழு மாதமும் சித்தி சும்மா இருக்கவில்லை, அங்கேதான் குழு வந்தது. தமிழ்நாட்டில் அரசுத் திட்டமாக 1989இல் தர்மபுரியில் தொடங்கியது இந்த மகளிர் குழு முறை. 1992இல் விவசாயத்துக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு, 500 குழுக்களை வைத்து, வங்கியோடு இணைத்துக் கடன் கொடுக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தது. குழுக் கடன் தொழிலுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வீடு கட்ட, பழுது பார்க்க, கழிப்பறை கட்ட, அதிக வட்டிக் கடனை அடைக்க எல்லாவற்றுக்கும் உறுப்பினர் பயன்படுத்தலாம் என்று இந்தக் குழுக்களுக்கான மத்திய அரசுத் திட்டமான ஊரக வாழ்வாதார இயக்கம் பற்றிய ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையே சொல்கிறது. 10 லட்சம் வரை குழுவிடம் எந்த அடமானமும் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்பையும் பிடித்து வைக்கக் கூடாது.

அந்தக் கூட்டம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கன்வாடி வாசலில் நடந்தது. பன்னிரண்டு பேர், நடுவில் தீர்மான நோட்டு, மேலே ஒரு பேனா கயிற்றில் கட்டியிருந்தது. வங்கி ஆறு லட்சம் தருகிறது, ஆளுக்கு ஐம்பதாயிரம் என்று குழுவை நடத்தும் ஊக்குநர் எழுதப் போனபோது சித்தி ஒன்றரை லட்சம் கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. "அக்கா, நீ கட்டிருவ, எனக்குத் தெரியும், உனக்கு ஒடம்பு முடியாமப் போனா யாரு கட்டுறது?" என்று கடைசியில் ஒரு பெண் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சரியாகவே பட்டது. கூட்டுப் பொறுப்பு என்றால் ஒருத்தர் தவறினால் மற்ற பதினொரு பேரும் சேர்ந்து கட்ட வேண்டும். முடிவில் சித்திக்கு ஐம்பதாயிரம், குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்து மேலும் இருபதாயிரம் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்தவர் பங்கை வாய்மொழியாக வாங்கிக்கொள்ளும் வழக்கம் சில குழுக்களில் உண்டு. தயவுசெய்து வேண்டாம், குழு உடைவதற்கு இதைவிடச் சுருக்கு வழி கிடையாது. 50,000 ரூபாயை 10 சதவீத வட்டியில் ரெண்டு வருஷத்தில் கட்டினால் மாதம் 2,300 ரூபாய் பக்கம் வரும். அந்தப் பணத்திலும் ஒரு சின்ன நகைக்கடனிலும் பழைய வீட்டைப் பிரித்து வானம் தோண்டி பேஸ்மட்டம் வரை எழும்பிவிட்டது.

குழு எவ்வளவு பெரிய பலம், அதன் எல்லை எங்கே என்பதற்கு மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளையை எப்போதும் நினைத்துக்கொள்வேன். கூலி வேலை பார்த்துக்கொண்டே களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களைக் கட்டியெழுப்பியவர். விருது மேடையில் பிரதமர் வாஜ்பாய் காலைத் தொட்டு வணங்கியது இவரைத்தான், 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது. அவருக்கே சொந்தமாக நல்ல வீடு அமையவில்லை. தருவதாகச் சொன்ன வீடு வரவில்லை என்று அவர் பேசியது 2024இல் செய்தியாகி, அதன் பிறகு அப்போதைய முதல்வர் அவருக்கு மாநில அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீடு அறிவித்தார். ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சேமிப்பையும் கடனையும் கற்றுக்கொடுத்த ஒருவருக்கே வீடு என்பது இவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

அரசு வீட்டுத் திட்டங்களையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் மானியமும் ஊர்க் கடனும் சேர்ந்துதான் கூரை வருகிறது. கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம். 2016இல் தொடங்கிய பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு அடிப்படைத் தொகை 1.20 லட்சம், விரும்பினால் 70,000 ரூபாய் வரை வங்கிக் கடனுக்கு வழி செய்து தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இந்தப் பணம் மொத்தமாகக் கைக்கு வராது, கட்டம் கட்டமாக, முடித்த வேலையை யூனியன் ஆபீஸ் ஓவர்சியர் வந்து பார்த்து போட்டோ எடுத்த பிறகே வரும். கொத்தனாரும் சித்தாளும் வாரா வாரம் சனிக்கிழமை கூலி கேட்பார்கள், பில் பாஸாகும் வரை அவர்கள் காத்திருக்க முடியாது. அந்த இடைவெளியில்தான் ஆட்கள் மூணு வட்டிக்குப் போய் விழுகிறார்கள். ரெண்டு மாத இடைவெளியை நிரப்புவதற்குச் சொசைட்டி நகைக்கடனோ குழுவின் உள்கடனோ அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். பில் வந்த அன்றைக்கே அதை அடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு 36 சதவீதம். மூன்று லட்சத்துக்கு மாதம் 9,000 ரூபாய் வட்டி மட்டும் போகும், அசல் அப்படியே நிற்கும். அதே மூன்று லட்சத்தை 10 சதவீதத்தில் பத்து வருஷத் தவணையாகக் கட்டினால் வட்டியும் அசலும் சேர்த்தே மாதம் 4,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்தான், ஆனாலும் ஊரில் நடக்கிறது. வீட்டு வாசலுக்கே வந்து கொடுக்கும் தனியார் கம்பெனிக் கடனில் வேறு ஒரு கண்ணி உண்டு. "12 சதவீதம்தான்" என்பார்கள், அது அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற கணக்கா, கடைசி வரை முழு அசலுக்கும் போடுகிற ஃப்ளாட் கணக்கா என்று கேளுங்கள். ஒரு லட்சத்துக்கு மூன்று வருஷம் ஃப்ளாட் 12 என்றால் மாதத் தவணை 3,778 ரூபாய், உண்மையில் அது 21 சதவீதத்துக்கும் மேலே போகிற வட்டி. 2024 அக்டோபரிலிருந்து தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு முழு விவரத்தாள் ஒன்றைக் கையெழுத்துக்கு முன்னால் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, கூட்டுறவு வங்கிக்கும் அது பொருந்தும், நமக்குப் புரிகிற மொழியில் கேட்டு வாங்கலாம்.

உறுப்பினர்களிடம் மட்டும் டெபாசிட் வாங்கி அவர்களுக்கே கடன் தரும் 'நிதி' என்ற வகைக் கம்பெனிகளும் சொத்தின் பேரில் கடன் தருகின்றன. 2014ஆம் ஆண்டு விதிப்படி சொத்து மதிப்பில் பாதிக்கு மேல் தரக் கூடாது, ஏழு வருஷத்துக்கு மேல் காலம் கிடையாது, எனவே மாதத் தவணை கனமாக இருக்கும். சீட்டு எடுத்து வீடு கட்டுபவர்கள் பதிவு பெற்ற சீட்டா என்று மட்டுமாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

சொசைட்டியில் உறுப்பினராக இல்லாதவர்கள் இப்போதே பங்குத்தொகை கட்டிச் சேர்ந்துவிடுவது நல்லது. ஒரு சின்ன நகைக்கடன் வாங்கி நாள் தவறாமல் திருப்பியிருந்தால், நாளைக்கு மத்தியக் கூட்டுறவு வங்கியில் பெரிய கடன் கேட்கும்போது செக்ரட்டரி சொல்லும் ஒரு வார்த்தைக்கு மதிப்பு இருக்கும். ஊர் அறிமுகம் இங்கே மறுபடி வேலை செய்கிறது. சித்திக்கு அப்படித்தான் நடந்தது. பட்டா கைக்கு வந்து மறுபடி கிளைக்குப் போனபோது, சொசைட்டி செக்ரட்டரியிடம் போனில் விசாரித்துவிட்டு, வக்கீல் ஒப்பீனியன் வந்த கையோடு மூன்று லட்சம் பாஸானது. பேஸ்மட்டம் ஏற்கெனவே நின்றதால் கேட்ட தொகையும் குறைந்திருந்தது. லிண்டல் முடிந்ததும் ஒரு பகுதி, தளம் போட்டதும் மீதி.

கடன் முடிகிற நாளைப் பற்றி யாரும் முன்னால் சொல்வதில்லை, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளுக்கு 5,000 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறை. பத்திரம் கைக்கு வந்தால் மட்டும் போதாது, கடன் தீர்ந்தது என்று வங்கி எழுதித் தரும் ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் அடமானம் நீங்கும். எங்கள் உறவில் ஒரு மாமா பழைய வீட்டுக் கடனை அடைத்து முடித்துப் பல வருஷம் கழித்து, மகள் கல்யாணத்துக்கு அதே வீட்டின் பேரில் கடன் கேட்கப் போனார். வில்லங்கத்தில் பழைய அடமானம் அப்படியே இருந்தது, கொடுத்த இடத்தில் இருந்தவர்களோ எல்லோரும் மாறிப்போயிருந்தார்கள். ரெண்டு மாதம் அலைந்து பழைய பேரேட்டைத் தேடி எடுக்க வைத்து, அதற்கப்புறம்தான் ரசீது பதிவானது. முகூர்த்தத்துக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது.